துயிலெழாப் பேசி

எத்தொழிலினும் தொடக்கமே அருமையுடையது. ஓடுகின்ற தேரைச் செலுத்துதல் எளிது. நிலையில் நிற்கும் தேரை அசைத்தல் அரிது. வடம்பிடிப்போர் நூற்றுவர் இருப்பினும், உருளையின் பின்னே நெம்புகோல் இடுவார் இலராயின் தேர் ஓரடியும் பெயராமையைத் தேரோட்டம் கண்டார் யாவரும் அறிவர். நாடோறும் நம் கையகத்தே கிடந்து, கடிதமாகவும் கடிகாரமாகவும் பணப்பையாகவும் படப்பெட்டியாகவும் தொண்டாற்றும் திறன்பேசிக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும்பொழுது அது தரும் இடுக்கண் சிறிது. அணைத்து மீண்டும் எழுப்புங்கால் தரும் இடுக்கணே பெரிது. அதனினும், புதிதாய் வாங்கிய பேசி முதன்முறை மறுதொடக்கம் செய்யப்பெற்று, விழித்தெழாது மயங்கிக் கிடக்குமாயின், உடையார்க்கு உண்டாகும் கலக்கம் சொல்லுந்தரமன்று.

"இஃது பொறியியல் பயில்வார்க்கு உரிய பொருளன்றோ? தொல்காப்பியமும் நன்னூலும் கையிற்கொண்டு திரியும் நுமக்கு இதன்கண் என்னை உரிமை?" என்று எம் விடுதி நண்பர் சிலர் நகையாடுதல் கூடும். அன்னார்க்கு யாம் கூறும் விடை ஒன்றே. எண்ணெய் விளக்கைப் பயன்படுத்துவோன் திரி தூண்டவும் அறிந்திருத்தல் வேண்டும். பொறியாளர் வரும்வரை இருளில் அமர்ந்திருத்தல் அறிவுடைமை ஆகாது. மேலும், இப்பொருளை ஆராயுமாறு எம்மை உந்தியதொரு நிகழ்ச்சி எம் இல்லத்தே நேர்ந்தது. அதனைப் பின்னர்ச் சொல்லுவாம்; முன்னர்ப் பேசி துயிலெழும் முறையைச் சுருங்க உரைப்பாம்.

மறுதொடக்கத்தை ஆங்கிலர் 'ரீபூட்' என்பர். 'பூட்' என்பது 'பூட்ஸ்டிராப்' என்னும் சொல்லின் சுருக்கம். ஒருவன் தான் அணிந்த புதைமிதியடியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதலை அச்சொல் குறிக்கும். நகைச்சுவையாகத் தோன்றினும் இப்பெயர் மிகவும் பொருத்தமுடையதே. மின்னாற்றல் நின்றவுடன் பேசியின் வேலைநினைவகம் வெறும் பலகையாகிவிடுகின்றது. எதனைச் செய்வதென்று சொல்வார் ஒருவரும் இலர். சொல்லும் மென்பொருளோ சேமிப்பகத்தில் உறங்குகின்றது. அதனை எழுப்புதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அவ்வெழுப்பும் மென்பொருளை எழுப்புவது யார்?

இச்சிக்கலைத் தீர்த்தற்பொருட்டே, சில்லினைச் செய்யும்பொழுதே சிறியதோர் ஆணைத்தொகுதியை அதனுள் அழியாவண்ணம் பொறித்துவிடுகின்றனர். மாற்றவோ நீக்கவோ யாராலும் இயலாத அது, மின்னாற்றல் பாய்ந்தவுடன் கண் விழித்து, 'பூட்லோடர்' எனப்படும் தொடக்கியை அழைக்கும். அழைக்குமுன், வந்திருப்பது மெய்யான தொடக்கிதானா என்று அதன் மின்னொப்பத்தைச் சரிபார்க்கும். தொடக்கியும் அவ்வாறே தனக்கு அடுத்து வருவதன் ஒப்பத்தைச் சோதித்து, 'கெர்னல்' என்னும் கருவகத்தைக் கொணரும். ஆண்ட்ராய்டுப் பேசிகளில் இக்கருவகம் லினக்சு ஆகும். பின்லாந்து நாட்டு மாணவராய் இருந்த லினசு டோர்வால்டுசு என்பார் 1991இல் முதன்முதல் வெளியிட்டது. கருவகம் திரையையும் தொடுபரப்பையும் சேமிப்பகத்தையும் தன் ஆட்சிக்குட்படுத்தும். அதன்பின் 'சைகோட்' என்னும் தாய்ச்செயல் தோன்றும். கருமுட்டை என்னும் பொருளுடைய அப்பெயருக்கேற்ப, நாம் திறக்கும் செயலிகள் யாவும் அதனின்றே பிறக்கின்றன. இறுதியிலேதான் பூட்டுத்திரை நம் கண்ணுக்குப் புலனாகும்.

தமிழ் பயில்வார்க்கு இம்முறை புதிதன்று. தொல்காப்பியனார் எழுத்தை முதற்கண் வைத்து, அதன்மேற் சொல்லை எழுப்பி, அதன்மேற் பொருளை நிறுவினார். எழுத்ததிகாரம் பிழைபட்டால் சொல்லதிகாரம் நிற்றற்கு இடமில்லை. பேசியும் அத்தன்மைத்தே. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ள படியைப் பற்றியே ஏறுகின்றது. ஆகலின், எப்படியில் நின்றுவிட்டது என்பதை உற்றுநோக்கினால், எங்கே நோய் உளது என்பதை ஓரளவு உய்த்துணரலாம். திரை முற்றும் இருண்டே கிடந்தால் மின்கலம், மின்னேற்றி, திரை ஆகியவற்றை ஐயுறல் வேண்டும். நிறுவனச் சின்னம் தோன்றி அங்கேயே நின்றால், தொடக்கிவரை நலம் எனவும், அதற்கு மேற்பட்ட படியிலோ புறத்தேயுள்ள ஏதேனும் ஒன்றிலோ தடை உளது எனவும் கொள்ளலாம். பூட்டுத்திரைவரை வந்து, திறந்தபின் தடுமாறினால், பெரும்பாலும் யாதேனும் ஒரு செயலியே குற்றமுடையது.

நிற்க. நோயல்லாதனவற்றை நோயெனக் கருதி அஞ்சுதலும் உலகத்தில் உண்டு. மென்பொருள் புதுப்பிப்பை அடுத்து வரும் முதற்றொடக்கம் வழக்கத்தினும் நெடும்பொழுது கொள்ளும். சில பேசிகளில் பத்து நிமிடமும் செல்லும். அதற்குள் மனம் பதறிப் பொத்தானை அழுத்துதல் பொறுமையின்மையாம். எழுந்தபின் விரற்சுவட்டை ஏலாது மறையெண்ணையே கேட்டல் மற்றொன்று. நன்கு வேலைசெய்த விரற்பூட்டு கெட்டுவிட்டது என்று பலர் கடைக்கு ஓடுவர். அது கேடன்று, காவல். 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7.0 முதலாக, பேசியிலுள்ள கோப்புகள் தனித்தனியே மறையாக்கம் செய்யப்பெறும் முறை புகுந்தது. உடையவர் மறையெண்ணை ஒருமுறை இட்டாலன்றி அவற்றின் பெரும்பகுதி திறவாது. அதனாலேதான், மறுதொடக்கம் ஆனபின் மறையெண் இடுவதற்கு முன் அழைப்பு வருமாயின், அழைப்பவர் பெயர் தோன்றாது எண் மட்டும் தோன்றுகின்றது. செய்திகளும் வாராது அடங்கிக் கிடக்கின்றன. பெயர்கள் அழிந்தில, பெட்டகத்துள் பூட்டப்பட்டுள்ளன. மறையெண் இட்டவுடன் எல்லாம் ஒருங்கே வந்து குவியும்.

இனி, யாம் முற்கூறிய நிகழ்ச்சிக்கு வருவாம்.

எம் ஊர் திருச்செந்தூர்க்குத் தெற்கே, செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர். எம் தந்தையைப் பெற்ற ஆச்சிக்கு ஆண்டு எழுபத்தெட்டு. இளமை தொட்டு விடிலியில் அமர்ந்து பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்தவர். எழுத்தறியார், எனினும் தாலாட்டும் ஒப்பாரியும், கூப்பனி பதம் வரும்வரை துழாவிக்கொண்டே தமக்குள் பாடும் தனிப்பாட்டுகளும் அவர்பால் எண்ணிறந்தன. அவற்றுட் சில ஆச்சியின் தாயார் பாடியவை. சில ஆச்சியே கட்டியவை. எம் வகுப்பில் நாட்டார் பாடல் பற்றிய பாடம் நடந்தபொழுது, அவரவர் இல்லத்து முதியோர் பாடல்களைத் தொகுத்து வருமாறு எம் பேராசிரியர் பணித்தார். 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்றோம். எம் தாயார் தையற்பொறி மிதித்துச் சேர்த்த சீட்டுப்பணத்தினின்று 12,000 ரூபாய்க்குப் புதிய திறன்பேசி ஒன்றை எமக்கு வாங்கித் தந்திருந்தார். அப்பேசியைத் திண்ணையில் வைத்து, மூன்று மாலைப்பொழுதுகளில் ஆச்சியின் பாடல்கள் பதினேழினை ஒலிப்பதிவு செய்தோம். "இதையெல்லாம் எடுத்து என்ன செய்யப்போகிறாய், ஐயா?" என்று கேட்டுக்கொண்டே பாடினார், இடையிடையே இருமினார், பக்கத்து வீட்டுக் கோழி புகுந்ததும் அதனை விரட்டினார். அவையும் பதிவாயின.

அதற்கு அடுத்த வாரமே ஆச்சிக்கு வாதநோய் கண்டது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து வீடு மீண்டார். உயிர் தங்கியது, வலக்கையும் பேச்சும் தங்கவில்லை. நம்மை அறிந்துகொள்வார், புன்முறுவல் செய்வார், ஒரு சொல்லும் வாராது. எம் ஊரில் இணைய வலிமை மிகக் குன்றியதாதலின், அப்பதினேழு பாடல்களும் அப்பேசியின் உள்நினைவகம் ஒன்றிலேயே தங்கியிருந்தன; வேறெங்கும் படி இல்லை.

மே மாத இறுதியில் ஒரு மாலை, மென்பொருட் புதுப்பிப்பு முடிந்தது, மறுதொடக்கம் செய்க என்று பேசி கேட்டது. செய்தோம். அது எழுந்துகொண்டிருந்த அமயத்தில், எட்டாம் வகுப்புப் பயிலும் எம் தங்கை, தன் உண்டியற் காசில் சந்தையில் வாங்கிய கவர் ஒன்றைக் கொணர்ந்து, "அண்ணா, இது உனக்கு" என்று பேசிக்கு அணிவித்தாள். கவரின்மேல் பனைமரம் எழுதியிருந்தது. சின்னம் தோன்றிற்று; மறைந்து இருண்டது; சிறு அதிர்வுடன் மீண்டும் சின்னம் தோன்றிற்று; மீண்டும் இருண்டது. ஒரு நாழிகை கழிந்தும் பூட்டுத்திரை வந்திலது. செக்குமாடு சுற்றுமாப்போல அது சுற்றியவாறே இருந்தது.

மறுநாட் காலை அண்மை நகரத்திலுள்ள பழுதுபார்க்கும் கடை ஒன்றிற்குச் சென்றோம். கூட்டம் மிகுதி. கடைக்காரர் நல்லவர், கையில் வாங்கித் திரையை ஒருமுறை நோக்கினார்.

"புதுப்பிப்பில் கெட்டுவிட்டது, தம்பி. உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டால் பெட்டியிலிருந்து எடுத்த புதுப்பேசிபோல் ஆகிவிடும். 500 ரூபாய், அரைமணி நேரம் போதும்."

"உள்ளே பாட்டுகள் இருக்கின்றனவே?"

"பாட்டுத்தானே? மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம்."

அவர்மீது குற்றமில்லை. அவர் அறிந்த பாட்டு எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளத் தக்கது. யாம் கருதிய பாட்டோ இனி எங்கிருந்தும் இறங்காதது. நினைவகச் சில்லைக் கழற்றி வேறொரு கருவியில் இட்டுப் படிக்கலாகாதா என்று வினவினோம். இக்காலப் பேசிகளில் அது பயன்படாது என்றார், அஃது உண்மையே. கோப்புகள் மறையாக்கம் பெற்றவை. அவற்றைத் திறக்கும் திறவுகோல் அப்பேசியின் சில்லினோடும் உடையவர் மறையெண்ணோடும் பிணைந்தது. அனைத்தையும் அழிக்கும் ஆணையை இடுங்கால் அத்திறவுகோலே அழிகின்றது. பின்னர் எத்துணை வல்லவராலும் மீட்டல் அரிது. பேசியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு வந்தோம். நடந்ததைக் கேட்ட எம் தாயார், "பேசி போனால் இன்னொரு சீட்டுப் பிடிக்கலாம். அழிக்க மட்டும் கொடுத்துவிடாதே" என்றார்.

அன்று பகல் முழுதும் யாம் அப்பேசியை எதிரே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' எம் நினைவிற்கு வந்தது. நோய் இன்னதென்று தேர்ந்து, அதன் காரணத்தைத் தேர்ந்து, தணிக்கும் வழியையும் தேர்ந்தபின்னரே மருத்துவன் கைவைத்தல் வேண்டும் என்பது அதன்கண் வள்ளுவர் கூறும் நெறியன்றோ? கடைக்காரர் கூறியது மருந்து. நோய் இன்னதென்று ஒருவரும் இன்னும் தேர்ந்திலர். ஆதலின், மீட்கவியலாத எதனையும் செய்வதில்லை, மீட்கக்கூடியன யாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்ப்பது என்று உறுதி பூண்டோம்.

முதற்கண் பேசியோடு வந்த சார்ஜரையே பொருத்தி அரைமணி காத்தோம்; மாற்றமில்லை. பின்னர்ச் சுவர்க்கடிகாரத்தின் வினாடிமுள்ளைக் கொண்டு அளந்தோம். சின்னம் தோன்றி இருளுமளவும் உள்ள இடைவெளி ஒவ்வொருமுறையும் ஒரே அளவினதாயிருந்தது. இஃது எம்மைச் சிந்திக்கச் செய்தது. புதுப்பிப்பின்மேல் எம் ஐயம் சிறிது தளர்ந்ததற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. ஆண்ட்ராய்டு 7.0 கொணர்ந்த மற்றொரு முறைப்படி, பல பேசிகளில் மென்பொருள் இரட்டை அறைகளில் வைக்கப்படுகின்றது. ஓரறையிலிருந்து பேசி இயங்கிக்கொண்டிருக்க, மற்றையதில் புதுப்பிப்பு எழுதப்படும். மறுதொடக்கத்தின்பொழுது புதிய அறை எழாது வீழுமாயின், பழைய அறைக்கே பேசி திரும்பிவிடும். எமது பேசியும் அவ்வகையினது. புதியதே குற்றமுடையதாயின், பழையது எழுந்திருத்தல் வேண்டுமன்றோ? இரண்டும் எழாமை நோக்கின், தடை இரண்டற்கும் பொதுவானதோர் இடத்தில் உளதென்பது போந்தது.

பழுதுற்ற மெமரி கார்டும் தொடக்கத்தைத் தடுக்கும் எனப் படித்திருந்தோமாதலின், அதனைக் கழற்றத் துணிந்தோம். கார்டும் சிம்மும் வைக்கும் தட்டு பேசியின் விளிம்பில் உளது; கவர் அதனை மூடியிருந்தது. கவரை நீக்கினோம், ஊசியால் தட்டை வெளியே இழுத்தோம். சின்னம் தோன்றிற்று. யாம் வினாடிகளை எண்ணினோம். இருள வேண்டிய வினாடி வந்தது, இருளவில்லை. சிறிது நேரத்தில் பூட்டுத்திரை விரிந்தது. தங்கை கைகொட்டி ஆர்த்தாள்.

எனினும் நோய்முதல் இன்னும் தெளிந்திலது. ஏனெனின், ஒரே வேளையில் இரண்டனை நீக்கியிருந்தோம். கார்டும் போயிற்று, கவரும் போயிற்று. எதனை நீக்கியதால் நலம் விளைந்தது? மறையெண்ணை இட்டு, பாடல்கள் பதினேழும் உள்ளனவா என்று நோக்கி, அவற்றைத் தாயாரின் பேசிக்கும் பக்கத்து வீட்டு மாமாவின் மடிக்கணினிக்கும் படியெடுத்து முடித்த பின்னரே சோதனையைத் தொடர்ந்தோம். தட்டை உள்ளே தள்ளி மறுதொடக்கம் செய்தோம், செம்மையாய் எழுந்தது. ஆகவே கார்டு குற்றமற்றது. பின்னர்க் கவரை அணிவித்தோம். யாம் தொடாமலே, 'அணைக்கவோ, மறுதொடக்கம் செய்யவோ?' என வினவும் பட்டியல் திரைமேல் எழுந்தது. சில வினாடிகளில் திரை இருண்டு சின்னம் தோன்றிற்று!

கவரைக் கழற்றி வெளிச்சத்திற் பிடித்து நோக்கினோம். வேறொரு வகைப் பேசிக்கென வார்க்கப்பட்டது அது. எம் பேசியின் ஆற்றற்பொத்தான் அமைந்த இடத்தில் அதன் உட்புறம் தடித்த வரம்பாய் இருந்தது. அவ்வரம்பு பொத்தானை ஓயாது அழுத்தியவாறே இருந்திருக்கின்றது. பொத்தானைப் பத்துப் பதினைந்து வினாடி விடாது அழுத்தினால் பேசி தன்னைத் தானே வலிந்து மறுதொடக்கம் செய்துகொள்ளும். உறைந்துபோன பேசியை மீட்டற்காக வகுக்கப்பெற்ற வழி அது. மருந்தாக வைத்ததே ஓயாது ஊட்டப்பட்டு நோயாயிற்று. மென்பொருளில் ஒரு குற்றமும் இல்லை. புதுப்பிப்பும் கவரும் ஒரே மாலையில் வந்தமையால் பழி முழுதும் புதுப்பிப்பின்மேல் ஏறிற்று. கடையிலே எல்லாவற்றையும் அழித்திருந்தாலும், அக்கவர் இருக்குமளவும் பேசி எழுந்திராது; பாடல்கள் மட்டும் அழிந்திருக்கும்.

தங்கை முகம் வாடி நின்றாள். தாயார் கத்தியை அடுப்பிற் காய்ச்சி, அத்தடித்த வரம்பை அறுத்துப் பொத்தானுக்கு வழி செய்து தந்தார். பனைமரக் கவர் இன்றும் எம் பேசியில் உளது. அன்றிரவு ஆச்சியின் கட்டிலருகே ஒரு பாடலை ஒலிக்கச் செய்தோம். தம் குரலைத் தாமே கேட்டு நெடும்பொழுது அசைவின்றிக் கிடந்தார். பின்னர், நலமாயிருந்த இடக்கை மெல்ல எழுந்து, கூப்பனியைத் துழாவுவதுபோல் வட்டமிட்டது. கோழியை விரட்டும் இடம் வந்ததும் சிரித்தார்.

இந்நிகழ்ச்சியினின்றும், பின்னர் யாம் படித்தறிந்தவற்றினின்றும், படிப்பார்க்குப் பயன்படுமாறு ஒரு முறைவைப்பை ஈண்டுத் தருகின்றோம். எளியதும் தீங்கற்றதும் முன்னும், அரியதும் மீட்சியற்றதும் பின்னும் நிற்றல் இதன் இலக்கணம்.

முதலாவது, காத்திருத்தலும் மின்னேற்றலும். பேசியோடு வந்த சார்ஜரைக் கொண்டு அரைமணியேனும் மின்னேற்றுக. மின்கலம் வறண்ட நிலையில் தொடக்கம் முற்றுப்பெறாது.

இரண்டாவது, புறத்தே உள்ளவற்றைக் களைதல். கவர், மெமரி கார்டு, சிம், இணைத்த கம்பிகள் யாவற்றையும் நீக்கிவிட்டு நோக்குக. பொத்தான்கள் தடையின்றி அமிழ்ந்து எழுகின்றனவா என விரலால் தொட்டறிக. ஒலிப்பொத்தான் அமுங்கியிருந்தாலும் பேசி வேறு முறைமைகளில் சென்று விழும்.

மூன்றாவது, வலிந்த மறுதொடக்கம். பல ஆண்ட்ராய்டுப் பேசிகளில் ஆற்றற்பொத்தானை நெடிது அழுத்தினால் போதும். சிலவற்றில் ஒலிக்குறைப்புப் பொத்தானையும் உடன் அழுத்தல் வேண்டும். 2017இல் வெளிவந்த ஐபோன் 8 முதலியவற்றில், ஒலியேற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்தி விட்டு, ஒலிக்குறைப்புப் பொத்தானையும் அவ்வாறே அழுத்தி விட்டு, பக்கப்பொத்தானைச் சின்னம் தோன்றுமளவும் பிடித்திருத்தல் வேண்டும். இவற்றால் கோப்புகள் அழியா.

நான்காவது, 'சேஃப் மோடு' என்னும் காப்புநிலை. பேசி எழுந்தும் தடுமாறினால் இதனை நாடுக. இந்நிலையில் நாம் பின்னர் நிறுவிய செயலிகள் உறங்கிவிடும். பேசி அப்பொழுது செவ்வனே நடப்பின், அண்மையில் நிறுவிய செயலியே பகை என்று தெளிந்து அதனை நீக்குக.

ஐந்தாவது, 'ரெக்கவரி' என்னும் மீட்புநிலை. இதன்கண் பல தெரிவுகள் உண்டு. மறுதொடக்கம் செய்யும் தெரிவும், சில பேசிகளில் தற்காலிகக் கோப்புகளை மட்டும் துடைக்கும் தெரிவும் தீங்கற்றவை. அவற்றின் அருகிலேயே அனைத்தையும் அழிக்கும் தெரிவும் உளது. கண்ணும் கையும் ஒருங்கே விழித்திருத்தல் வேண்டும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 முதலாக, பேசி பலமுறை தொடர்ந்து வீழ்ந்தால் தானே இந்நிலைக்கு வந்து, அழிக்கலாமா என வினவுதலும் உண்டு. அது வினாவேயன்றிக் கட்டளையன்று. ஐபோனைக் கணினியோடு இணைத்து மீட்குங்கால், புதுப்பிக்கும் தெரிவு கோப்புகளைக் காக்க முயலும். மீளமைக்கும் தெரிவு அழிக்கும். முன்னையதையே முதலிற் கொள்க.

ஆறாவது, நிறுவனத்தின் சேவை நிலையம். புதிய பேசிக்குப் பெரும்பாலும் ஓராண்டு உத்தரவாதம் உண்டு. வாங்கிய சீட்டையும் பெட்டியையும் போற்றி வைத்திருப்பார்க்கு அது கைகொடுக்கும். வெளிக்கடையில் திறந்து பார்த்தபின் அவ்வுரிமை இழுக்குறுதல் கூடும். சேவை நிலையத்திலும், கோப்புகள் வேண்டும் என்பதை எழுத்து மூலம் தெரிவித்தல் நன்று.

ஏழாவதும் இறுதியானதும், அனைத்தையும் அழித்தல். இதனைச் செய்வார் தம் கூகிள் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 தொட்டு, மீட்புநிலையின்வழி அழித்த பேசி முன்னைய கணக்கின் சான்றைக் கேட்டே திறக்கும். திருடர்க்கு இட்ட பூட்டு மறதியுடையார்க்கும் பூட்டேயாம்.

இம்முறைவைப்பில் நுண்ணிய தொழில்நுட்பம் யாதுமில்லை. எதனைச் செய்தால் திரும்பி வரலாம், எதனைச் செய்தால் திரும்பி வருதல் இயலாது என்னும் வேறுபாட்டை அறிதலே இதன் உயிர்நிலை. பழுது நேர்ந்தவிடத்து விரைந்து முடிக்கும் வழியே நல்வழி எனத் தோன்றுதல் இயல்பு. பிறர் பொருளாயின் அவ்விரைவு இன்னும் மிகும். ஆயின், பேசியின் விலை கடைக்குத் தெரியும். அதனுள் இருப்பதன் விலை உடையார்க்கன்றிப் பிறர்க்குத் தெரியாது. ஆதலின், அழிக்கவோ என்னும் வினாவுக்கு விடை கூறும் உரிமையை யார்க்கும் விட்டுக்கொடாதீர் என எம் தோழர்களை வேண்டுகின்றோம். நும் இல்லத்தே பாடும் முதியோர் உளராயின், இவ்விடுமுறையிலேயே அவர்பாற் சென்று அமர்மின், பதிவு செய்ம்மின், அன்றிரவே இரண்டிடத்துப் படியெடுத்து வைம்மின்.